கழுதை விட்டையும் கம்பரிசி வைரமும்

உங்க தாத்தனோட தாத்தனுக்கு மீசை முளைக்காத காலம். அப்போ குன்னுப்பட்டணம்னு ஒரு ராச்சியம் இருந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு கேக்காதீங்க, கேட்டா வழி சொல்லணும், வழி சொன்னா நீங்க போயிடுவீங்க, அப்புறம் நான் யாருக்குக் கதை சொல்றது?

மேல ஒரு குன்னு. குன்னு மேல கோட்டை. கோட்டைக்குள்ள வத்தாத கெணறு. கீழ பட்டணம், பட்டணம் பூரா வத்திப்போன சனம். ராசா பேரு மெச்சுவர்மன். அவரை மெச்சினவனுக்கு மோதிரம், மெச்சாதவனுக்கு மொத்து. அவரு அரசாட்சி அம்புட்டுதான்.

ஒரு நாள் அரண்மனை வாசல்ல புகைமுடியான்னு ஒரு மந்திரவாதி வந்து நின்னான். தலையில சடை, சடையில புகை. உள்ள அடுப்பு வச்சிருக்கானா பேன் சமையல் பண்ணுதான்னு யாருக்கும் தெரியல. ராசாவோட முரசைப் படுக்கப் போட்டான். தோலு மேல ஒரு பிடி வெள்ளை மணலைத் தூவினான். ஓரத்துல தட்டினான்.

ஒரு தட்டு. மணல் ஓடி ஓடிக் கோடு போட்டுச்சு.

ரெண்டு தட்டு. கோடெல்லாம் வளைஞ்சு வட்டம் போட்டுச்சு.

மூணு தட்டு. வட்டத்துக்குள்ள தாமரை பூத்துச்சு.

"ராசாவே! சாமி உங்க முரசுல கோலம் போடுது!"ன்னான் புகைமுடியான். ராசா கன்னத்துல போட்டுக்கிட்டாரு. ராசா போட்டா மந்திரி போடணும்ல? மந்திரி போட்டாரு. மந்திரி போட்டா சனம் போடணும்ல? எல்லாரும் போட்டாங்க. அன்னைக்குக் கன்னத்துல விழுந்த அடிய அந்த மந்திரவாதி முதுகுல குடுத்திருந்தா அந்த ஊரு உருப்பட்டிருக்கும்.

"குலுங்குறதுல சாமி பேசும் ராசாவே. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு ஒரு அண்டாவுல போட்டுக் குலுக்கியே கண்டுபிடிச்சுடலாம். ஒரே ஒரு வாக்கு மட்டும் குடுங்க. 'அண்டா சொல்றது சத்தியம்'னு உங்க வாயால சொல்லுங்க. அந்த வாக்கு மேலதான் என் மந்திரம் நிக்கும்."

"அண்டா சொல்றது சத்தியம்"னாரு ராசா. யோசிக்காம சொன்னாரு. யோசிக்கிற வழக்கம் அந்த வம்சத்துல கிடையாது.

வருசத்துக்கு ஒரு குலுக்குத் திருநாள். ஆள் உசரத்துக்கு ஒரு செம்பு அண்டா. முக்கால் அண்டாவுக்குக் கொள்ளு. அடியில ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தக்கை. வீட்டுக்கு ஒருத்தர் தானே தன் கையால கொண்டு வந்த ஒரு பொருளை, கல்லோ மண்ணோ, அதுக்குள்ள போடணும். நாலு தடியனுங்க அண்டாவைத் தூக்கித் தூக்கித் தரையில குத்துவானுங்க. தொம்! தொம்! தொம்! புகைமுடியான் சுத்திச் சுத்திப் பாடுவான்:

"குலுங்கு அண்டா, குலுங்கு அண்டா, கொணத்தைச் சொல்லு, குலுங்கு அண்டா!
மேல வந்தவன் மேலோன்! அடியில போனவன் கழுதை!"

மேல வந்த கல்லை எடுத்து மோந்து பார்ப்பான். "இது இன்னார் கல்லு"ம்பான். அந்த வீட்டுக்காரங்க கோட்டைக்குள்ள குடி போவாங்க. தக்கையைப் பிடுங்கினா அடியிலேர்ந்து விழுற கல்லையும் மோந்து பார்ப்பான். அது யாருதோ, அவன் குலுக்கும்போதே நெசமாவே கழுதையாயிருப்பான்! முதல் குலுக்குல காது நீளும், ரெண்டாங் குலுக்குல வால் முளைக்கும், மூணாங் குலுக்குல வாய் கத்தும். அப்புறம் என்ன? கோட்டைச் சுவருக்குக் கல்லு சுமக்க வேண்டியதுதான்.

இதுல ஒரு கூத்து இருக்கு, கேளுங்க. புகைமுடியான் முதல் வருசமே கீழ்ச் சனத்துக்கு ஒரு புத்தி சொல்லி வச்சான். "சாமி முன்னாடி பெரிய கல்லோட வந்தா அது திமிரு. எவ்வளவு பொடிசோ அவ்வளவு பணிவு."

சனமும் நம்பிருச்சு. முதல் வருசம் புளியங்கொட்டை அளவுக்குக் கல்லு கொண்டு போனாங்க. அதுல கொஞ்சம் பேரு கழுதையானாங்க. "ஐயையோ, பணிவு பத்தல"ன்னு மறு வருசம் மிளகு அளவுக்குக் கொண்டு போனாங்க. இன்னும் கொஞ்சம் பேரு கழுதையானாங்க. "இன்னும் பணிவா போகணும்"னு மூணாம் வருசம் கடுகு அளவுக்குத் தேடித் தேடிப் பொறுக்கினாங்க. கண்ணு நோவப் பொறுக்கினாங்க. கோட்டைக்காரங்களோ வருசா வருசம் எலுமிச்சம்பழம் மாதிரி உருட்டுக் கல்லைத் துணியில சுத்திக் கொண்டாந்து, 'சாமிக்கு எங்களால முடிஞ்சது'ன்னு சொல்லிப் போட்டுட்டுப் போனாங்க.

எனக்கு இதைச் சொல்லும்போதே பல்லு நறநறங்குது. உங்களுக்கு எப்படி? கொட்டாவி வருதா? நல்லாருங்க.

கீழ்ப் பட்டணத்துல காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அரண்மனைக் களஞ்சியத்துல தானியம் புடைக்கிறது அவ வேலை. முறம் அவ கையில ஏறிட்டா உமி தனியா, நொய்யி தனியா, அரிசி தனியா வரிசை கட்டி நிக்கும். அவ புருசன் சடையன். அத்தை மகன், அதனால "மாமா"ன்னு கூப்பிடுவா. சடையன் நல்ல உழைப்பாளி, ஒரே ஒரு கொறைதான். எந்தக் கஞ்சியைக் குடுத்தாலும் "உப்பு பத்தல புள்ள"ம்பான். கடலைக் காய்ச்சிக் குடுத்தாலும் அதையேதான் சொல்லுவான்.

மூணாவது திருநாள்ல சடையன் கல்லு அடியில எறங்கிருச்சு. காது நீண்டுச்சு, வால் முளைச்சுச்சு, வாய் கத்துச்சு. கூட்டத்துல நின்ன காத்தாயி கண்ணு முன்னாடியே அவ மாமா நாலு காலுல நின்னான்.

அந்தக் கடுகுக் கல்லைப் பொறுக்கிக் குடுத்தது யாரு தெரியுமா? அவளேதான். "பணிவா இருக்கட்டும் மாமா"ன்னு ஆத்து மணலைச் சலிச்சு எடுத்துக் குடுத்தவ அவதான்.

கழுதையானவங்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. உடனே பேச்சு போகாது. வார்த்தை வார்த்தையா மறந்துக்கிட்டே வரும். மறு திருநாள்ல அவங்க வீட்டுப் பொருள் மேல வந்து, புகைமுடியான் அதை மோந்து பேரைச் சொன்னா மனுசன். வரலைன்னா கடைசி வார்த்தையும் போயிரும், அப்புறம் சாகுற வரைக்கும் வெறும் கழுதை. பொண்டாட்டியைப் பார்த்தாலும் புல்லுக்கட்டைப் பார்த்தாலும் ஒண்ணுதான்.

மாசங்கள் போச்சு. சடையனுக்கு ஊர் பேரு மறந்துச்சு. அப்பன் பேரு மறந்துச்சு. தன் பேரே மறந்துச்சு. அடுத்த திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன்கிட்ட மிச்சம் இருந்தது மூணே வார்த்தை. புள்ள. கஞ்சி. உப்பு.

அன்னைக்கு மத்தியானம் காத்தாயி திருநாளுக்கான கொள்ளை முறத்துல போட்டுக் கொழிச்சுக்கிட்டு இருந்தா. கல்லு சுமந்துட்டு வந்த சடையன் பக்கத்துல வந்து நின்னான்.

"புள்ள... கஞ்சி..."

"இரு மாமா. இந்த எழவெடுத்த கொள்ளைக் கொழிச்சுட்டு வரேன்."

அவன் திரும்பினான். திரும்பினவன் சும்மா திரும்பல. பொத்துன்னு ஒரு விட்டையை முறத்துலயே போட்டான்.

"அட நாசமாப்போன மாமா! இது ராசா வீட்டுக் கொள்ளுய்யா!"

பதறிப்போயி முறத்தைத் தட்டினா. விட்டை உருண்டுக்கிட்டு மேலயே நின்னுச்சு. கையால அமுக்கிக் கொள்ளுக்கடியில பொதைச்சா, யாராச்சும் பார்த்துடப் போறாங்கன்னு. மறுபடி முறம் குலுங்குச்சு. விட்டை மேல வந்துச்சு. இன்னும் ஆழமா பொதைச்சா. குலுங்குச்சு. விட்டை மேல வந்து ராசா மாதிரி உக்காந்துச்சு.

காத்தாயி கை நின்னு போச்சு.

எத்தனை வருசமா முறம் பிடிக்கிறா! நொய்யி அடியில போறதையும் கட்டி மேல வர்றதையும் தெனமும் பார்க்கிறா! முறத்துல பார்த்ததை அண்டாவுல பார்க்கலையே! குனிஞ்சு கண்ணை முறத்துகிட்ட வச்சு மெதுவா குலுக்கிப் பார்த்தா. குலுக்கும்போது பெருசு ஒரு எட்டு எழும்புது. அது எழும்பின சந்துல பொடிசு ஓடிப்போய் உக்காந்துக்குது. பெருசு திரும்ப இறங்கப் பார்த்தா எடம் இல்ல. அடுத்த குலுக்கு, இன்னொரு எட்டு. பொடிசு அடியில புகுந்து தாங்கத் தாங்க, பெருசு மேல போயிக்கிட்டே இருக்கு.

"மாமா"ன்னா காத்தாயி. முந்தானையால மூஞ்சைத் துடைச்சா. அழுகைன்னு நெனைக்காதீங்க, ஆத்திரம். "சாமியும் இல்ல, கொணமும் இல்ல மாமா. குலுக்குனா பெருசு மேல வரும், பொடிசு அடியில போகும். அவ்வளவுதான்யா! அந்தப் புகைமண்டையன் நம்மளைப் பொடிசு பொடிசா கொண்டு வரச் சொன்னதே அதுக்குத்தான். நானும் சலிச்சு எடுத்துக் குடுத்தேனே, என் கை ஒடிஞ்சு போக!"

"உப்பு"ன்னான் சடையன்.

"உப்பு ஒண்ணுதான் இப்ப கொறைச்சல்!"னு அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

நேரா பக்கத்து வீட்டுக் குருவம்மாகிட்ட ஓடினா. குருவம்மா வாசல்ல உக்காந்து ஊசி முனையால மணலைக் கிளறிக்கிட்டு இருந்தா.

"அக்கா, என்ன தேடுற?"

"கடுகைவிடப் பொடிசா ஒண்ணு தேடுறேன்டி. எம் மவன் கழுதையாயி ஒரு வருசம் ஆகப்போவுது. இந்தத் தடவை இன்னும் பணிவா போடணும்."

"உன் பணிவுல கொள்ளி வைக்க! பெரிய கல்லா எடுத்துப் போடுக்கா. தேங்கா அளவு போடு!"

குருவம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. "திமிரு பேச்சு பேசாதடி. காவக்காரன் பெரிய கல்லைப் பார்த்தா அங்கேயே உதைப்பான். நம்ம விதி இது."

"விதி இல்லக்கா, கொள்ளு!"

யாரும் கேக்கல. தெருத் தெருவா சொன்னா, தெருத் தெருவா கதவு சாத்துச்சு. அன்னைக்குக் காத்தாயிக்குக் கோட்டைக்காரன் மேல வந்த கோவத்தைவிட, கீழ்ச் சனத்து மேலதான் ரெட்டிப்பா வந்துச்சு. அடிக்கிறவன் கைய ஒடிச்சுடலாம், குனிஞ்சு குடுக்கிறவன் முதுகை என்ன பண்ணுறது?

திருநாள் வந்துச்சு. விடிஞ்சதும் சடையனைப் பிடிச்சுக்கிட்டு காத்தாயி கோட்டை வாசலுக்குப் போனா. அவன்கிட்டேர்ந்து 'உப்பு' போயிருந்துச்சு. 'கஞ்சி'யும் போயிருந்துச்சு. "புள்ள..."ன்னு மட்டும் வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தான்.

வாசல்ல காவக்காரன் மடக்கினான். "என்ன கொண்டாந்திருக்க? காட்டு. பெரிய கல்லா இருந்தா பல்லு இருக்காது."

மடியிலேர்ந்து எடுத்துக் காட்டினா. நல்லாக் காய்ஞ்ச, எலுமிச்சம்பழம் அளவு, உருண்டையான கழுதை விட்டை ஒண்ணு.

"சீ! என்னடி இது? பெருசா வேற இருக்கு! திமிருதானே?"

"அண்ணே, விட்டையில என்னண்ணே திமிரு இருக்கு? இதைவிடப் பணிவான பொருள் ஒலகத்துல உண்டா? நீங்களே சொல்லுங்க. அவரவர் தானா கொண்டு வந்ததைத்தானே போடச் சொன்னாங்க? எங்க மாமாவுக்குக் கையில்லை. அவரால தானா கொண்டுவர முடிஞ்சது இது ஒண்ணுதான்."

காவக்காரன் யோசிச்சான். தலை வலிச்சுச்சு. உள்ள விட்டுட்டான்.

உள்ள அண்டா பளபளன்னு நின்னுச்சு. ராசா சிம்மாசனத்துல, கோட்டைக்காரங்க நிழல்ல, கீழ்ச் சனம் வெயில்ல. காத்தாயி நேரா நடுவுல போயி நின்னா.

"மகாராசா! ஒரு கேள்வி. இந்த அண்டா கொணத்தைச் சொல்லுமா, சொல்லாதா?"

"சொல்லும்! அண்டா சொல்றது சத்தியம்"னாரு ராசா.

"அப்போ எல்லாரு கொணத்தையும் சொன்ன அண்டா இத்தனை வருசமா உங்க கொணத்தை மட்டும் சொல்லலியே? ஊரே பேசுது. 'ராசா பயந்துக்கிறாரு'ன்னு."

ஊரு ஒண்ணும் பேசல. ஆனா இப்போ பேச ஆரம்பிச்சுருச்சு. கசகசன்னு.

"எவன்டா சொன்னான் நான் பயந்துக்கிறேன்னு!" ராசா எந்திரிச்சாரு. விரல்லேர்ந்து மோதிரத்தைக் கழட்டினாரு. அதுல கம்பரிசி அளவு ஒரு வைரம். பார்க்கச் சின்னது, விலை ஏழு யானை. "இதைப் போடுங்க! என் கொணத்துக்கு ஏத்த பொருள் இது!"ன்னு வைரத்தைப் பெயர்த்துக் குடுத்தாரு.

புகைமுடியான் சடையில புகை நின்னு போச்சு. ஓடி வந்து ராசா காதுல குசுகுசுத்தான். "ராசாவே, வேண்டாம்... போடுறதுன்னா பெருசா ஏதாவது போடுங்க. அந்தச் செங்கோலு... ஒரு கிண்ணம்..."

"சத்தமா சொல்லுங்க சாமி!"ன்னு கத்தினா காத்தாயி. "பெருசாவா? பெருசா போட்டா திமிருன்னு எங்களுக்குச் சொன்னவரு நீங்கதானே? பொடிசா போட்டா பணிவுன்னு சொன்னவரு நீங்கதானே? கடுகளவு பொறுக்கக் கண்ணைக் கெடுத்துக்கிட்டோமே, அது யாரு பேச்சைக் கேட்டு? ஒருவேளை எங்க ராசா கொணத்து மேல உங்களுக்குச் சந்தேகமா?"

"சந்தேகமா?"ன்னு ராசாவும் திரும்பினாரு.

"இ... இல்ல ராசாவே..."

"அப்போ குலுக்குடா!"

மத்த வீட்டுக் கல்லெல்லாம் அப்புறம்னு நிறுத்தி வச்சுட்டு, எல்லாரும் பார்க்க, காத்தாயியோட விட்டையை அண்டாவோட அடியில வச்சுக் கொள்ளைக் கொட்டினாங்க. எல்லாரும் பார்க்க, வைரத்தை மேல வச்சாங்க. நாலு தடியனுங்க தூக்கினானுங்க.

தொம்! தொம்! தொம்!

முதல் குலுக்கு. மேல இருந்த வைரத்தைக் காணோம். கொள்ளுச் சந்துல நழுவி எறங்கிப்போச்சு. கூட்டத்துல ஒரு குழந்தை சிரிச்சுது. ராசாவோட கிரீடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு காது, வாழைப்பூ மாதிரி நீண்டுச்சு.

"என்னடா காது அரிக்குது?"ன்னாரு ராசா. "சரியா குலுக்கலடா! இன்னொரு தரம்!"

தொம்! தொம்! தொம்!

ரெண்டாங் குலுக்கு. கொள்ளைக் கிழிச்சுக்கிட்டு விட்டை தலை காட்டுச்சு. சிம்மாசனத்துப் பின்னாடி பட்டைக் கிழிச்சுக்கிட்டு வால் ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு.

"இன்னொரு தரம்! என் சாமி என்னைக் கைவிடாது!"

தொம்! தொம்! தொம்!

மூணாங் குலுக்கு. விட்டை உச்சியில ஏறி ஜம்முனு உக்காந்துச்சு. காத்தாயி குனிஞ்சு தக்கையைப் பிடுங்கினா. டிங்குன்னு முதல்ல வந்து விழுந்தது ஏழு யானை வைரம்.

"மோந்து பாருங்க சாமி"ன்னா காத்தாயி. விட்டையை எடுத்துப் புகைமுடியான் மூக்குகிட்ட நீட்டினா. "யாரோடதுன்னு நல்லா இழுத்து மோந்து சொல்லுங்க!"

அவன் பேரைச் சொல்லாம மூஞ்சைத் திருப்பினான். கூட்டத்துல எங்கேயோ ஒருத்தன் "மேல வந்தவன் மேலோன்!"னு கத்தினான். இன்னொருத்தன் "அடியில போனவன் கழுதை!"ன்னான். அவங்க குரல்ல பக்தி இல்ல இப்போ. வேற ஒண்ணு இருந்துச்சு.

"மகாராசா! அண்டா சத்தியம்னா இந்த விட்டை மேலோன், நீங்க கழுதை. வாங்க, எங்க மாமாவோட ஜோடி சேர்ந்து கல்லு சுமங்க. அண்டா பொய்யின்னா அதை உங்க வாயால சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க, வாய் போயிக்கிட்டே இருக்கு!"

ராசா வாயைத் திறந்தாரு. "ஙே..."ன்னுச்சு. மூக்கு நீளுது, பல்லு பெருசாகுது. மெச்சினவனெல்லாம் ரெண்டு அடி தள்ளிப்போயி நின்னான். இந்தப் பக்கம் சடையன் காத்தாயி தோளுல மூஞ்சை வச்சு, "பு... பு..."ன்னு இழுத்தான். கடைசி வார்த்தையும் பாதி போச்சு.

காத்தாயி சிம்மாசனத்துப் படியில ஏறினா. ராசாவோட நீண்ட காதைப் பிடிச்சா. ராசா காது! பிடிச்சு முறுக்கினா!

"சொல்லுய்யா!"

"பொ... பொ... பொய்! அண்டா பொய்! குலுக்கு பொய்! எல்லாம் பொய்!"

ராசா வாக்குல நின்ன மந்திரம், ராசா வாக்குலயே செத்துச்சு. பட்டணம் பூரா காது சுருங்குச்சு, வால் உதிர்ந்துச்சு, கோட்டைச் சுவத்துல கல்லு சுமந்தவனெல்லாம் ரெண்டு காலுல நிமிர்ந்தான். குருவம்மா மகன் "அம்மா!"ன்னு ஓடி வந்தான்.

புகைமுடியானுக்கு வந்துச்சே கோவம்! "என் அண்டாவைப் பொய்யின்னியா!"ன்னு அண்டா விளிம்புல ஏறிக் குதியோ குதின்னு குதிச்சான். செத்த மந்திரம் செஞ்சவன் மேலதான விழும்? குதிக்கக் குதிக்கச் சுருங்கினான். ஆளு பூசணியாச்சு, பூசணி புளியங்கொட்டையாச்சு, புளியங்கொட்டை கடுகாச்சு, வழுக்கிக் கொள்ளுக்குள்ள விழுந்தான். அண்டா அவன் குதியில இன்னும் ஆடிக்கிட்டே இருந்துச்சா? பொடிசு எங்க போகும்? அடியில போச்சு. தக்கை ஓட்டை வழியா வெளியில வந்தது கறுப்பா ஒரு கொள்ளு வண்டு. ஒரு கோழி பார்த்துச்சு. அவ்வளவுதான்.

ராசாவுக்கு வலது காது சுருங்கிருச்சு. இடது காது மட்டும் சாகுற வரைக்கும் அப்படியே நின்னுச்சு. பாதி மனசோட சொன்னா பாதிதான் போகும்.

"பொண்ணே, என்ன வேணும் கேளு"ன்னாரு, அந்தக் காதை மறைச்சுக்கிட்டு.

"கோட்டைக் கதவைக் கழட்டுங்க. கெணறு எல்லாருக்கும் பொது. சுவத்துக்கு எங்காளுங்க சுமந்த கல்லை, இந்த நிழல்ல உக்காந்திருக்கிறவங்க ஒவ்வொண்ணா கீழ எறக்கட்டும். துணியில சுத்தித்தான் கொண்டு வருவாங்க, அவங்களுக்குப் பழக்கம்தான்."

அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினா. எல்லாரும் வாழ்த்தப்போறான்னு கையைத் தட்ட நின்னாங்க. "உங்களுக்கும் சொல்றேன் கேட்டுக்குங்க. அவன் அடியில தள்ளினான், நெசம்தான். ஆனா பொடிசாத் தேடித் தேடிப் பொறுக்கினது நம்ம கை. என் கையும் சேர்த்துத்தான். இனிமே எவனாச்சும் 'பணிவா இரு'ன்னா, முதல்ல அவன் மடியில என்ன கல்லு வச்சிருக்கான்னு அவுத்துப் பாருங்க!"

ஒருத்தரும் கை தட்டல. ஆனா குருவம்மா, தன் மகன் கையை விட்டுட்டு, அண்டாவுல போடன்னு இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த மணலை உதறினா. அவளைப் பார்த்து இன்னொருத்தி உதறினா. கொஞ்ச நேரத்துல கோட்டை முற்றம் பூரா மணல். அந்த முரசை ஒரு குட்டிப் பொண்ணு எடுத்து அதுல ஒரு பிடி மணலைத் தூவித் தட்டினா. கோடு வந்துச்சு, வட்டம் வந்துச்சு, தாமரை வந்துச்சு. யாரும் கன்னத்துல போட்டுக்கல. "ஏய், எனக்கும் குடுடி"ன்னு வரிசையில நின்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் காத்தாயி கஞ்சி காய்ச்சினா. சடையன் சட்டியை வாங்கி ஒரு வாய் குடிச்சான். வாயை மூடி யோசிச்சான். ஊர் பேரு வந்துச்சு, அப்பன் பேரு வந்துச்சு, தன் பேரும் வந்துச்சு. போன வார்த்தையெல்லாம் வரிசை கட்டி நாக்குல வந்து நின்னுச்சு. காத்தாயி கையில அகப்பையோட அவன் வாயையே பார்த்தா.

"உப்பு பத்தல புள்ள"ன்னான்.

அகப்பை பறந்துச்சு. சடையன் ஓடினான், அவ துரத்தினா, ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு குன்னு மேல வரைக்கும் கேட்டுச்சாம்.

கதை அடியில போச்சு, கொள்ளு ரசம் கொதிச்சு மேல வந்துச்சு. குடிச்சுட்டுத் தூங்குங்க. தூங்குறதுக்கு முன்னாடி உங்க மடியில இருக்கிற மணலை மட்டும் உதறிட்டுத் தூங்குங்க.